முழங்கால் கிளட்ச்

மலையாண்டியை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். மற்றதெல்லாம் அப்புறம். அந்த மனிதர் வாயைத் திறந்து "எனக்கு முடியலை" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால், நானும் மெக்கானிக் சேசுராஜும் சித்திரை வெயிலில் ஒரு காரின் வயிற்றுக்கடியில் கிடந்து வெந்திருக்க வேண்டாம். என் தையல் மெஷினும் ஊனமாகியிருக்காது. ஆனால் அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நான் காரைக்குடியில் குஷன் கடை வைத்திருக்கிறவன், பெயர் அழகுசுந்தரம். பஸ், லாரி, கார் சீட்டுகளுக்குத் தேங்காய் நார் அடைத்து ரெக்ஸின் தைத்துப் போடுவது தொழில். செக்காலை ரோட்டில் என் கடையை ஒட்டினாற்போல் சேசுராஜின் ஒர்க்‌ஷாப். நடுவில் ஒரு கீற்றுத் தட்டி மட்டும்தான். அவர் சுத்தியலால் தட்டினால் இங்கே என் ஊசி ஆடும். நான் திட்டினால் அங்கே அவர் சிரிப்பார். அப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

மலையாண்டி எங்கள் இரண்டு பேரையும்விட மூத்தவர். பள்ளத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். வானம் பார்த்த பூமி, பங்கு கேட்க அண்ணன் தம்பிகள். நிலத்தை நம்பிப் பிழைக்க முடியாது என்று பஸ் கம்பெனிக்குப் போய், கிளீனராக இருந்து, டிரைவரானவர். அவர் ஓட்டினால் பஸ்ஸில் குழந்தை முழிக்காது என்பார்கள். ஓர் ஐப்பசி மழையில் கண்மாய்க் கரையிலிருந்து பஸ் சரிந்தது. பஸ்ஸில் இருந்த யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இவருடைய இடது முழங்கால் மட்டும் நசுங்கிப்போனது. மதுரையில் வைத்தியம் பார்த்துக் காலைக் காப்பாற்றினார்கள், ஆனால் மடக்க வரவில்லை. கால் உலக்கை மாதிரி நீட்டினபடியே நின்றுவிட்டது. கிளட்ச் மிதிக்க முடியாத டிரைவரை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? வீட்டோடு கிடந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளத்தூர் உமையாள் ஆச்சி வீட்டுச் செட்டியார் பினாங்கிலிருந்து ஓர் அமெரிக்கக் காரைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார். பாசிப்பச்சை நிறம், படகு போல நீளம். அதில் கிளட்சே கிடையாது. ஸ்டீரிங்குக்குக் கீழே ஒரு குச்சி இருக்கும். அதை இழுத்துவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் கியர் தானாக மாறிக்கொள்ளும். ஓட்டிப் பார்க்க வந்த டிரைவர்களுக்கெல்லாம் இடது கால் சும்மா இருக்கமாட்டேன் என்றது. கிளட்ச் என்று நினைத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தார்கள். செட்டியார் முன்சீட்டில் போய் முட்டிக்கொண்டார். மலையாண்டி மட்டும்தான் காலை நீட்டிப் போட்டுவிட்டு, ஒற்றைக் காலால் தண்ணீரில் போவது போல ஓட்டிக் காண்பித்தார். வண்டிக்கும் ஆளுக்கும் ஜாதகம் பொருந்திவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அந்த வண்டியில் யார் எங்கே உட்காருவது என்று ஒரு முறை இருந்தது. பின்சீட்டில் ஆச்சி. முன்சீட்டு ஒரே பெஞ்சு, அதில் வலது ஓரம் மலையாண்டி, இடது ஓரம் கணக்கப்பிள்ளை சொக்கு. ஆச்சி டிரைவரிடம் நேராகப் பேசமாட்டார். அந்த வீட்டு வழக்கம் அப்படி. "மெதுவாப் போகச் சொல்லுங்க" என்று பின்னாலிருந்து சொல்வார். சொக்கு திரும்பி, "மெதுவாப் போகணுமாம்ப்பா" என்பார். "ரோடு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுங்க" என்பார் மலையாண்டி. சொக்கு மறுபடி பின்னால் திரும்பி அதைச் சொல்வார். மூன்று பேருக்கும் மூன்று பேர் பேசுவதும் நன்றாகவே கேட்கும், இருந்தாலும் அப்படித்தான். ஒருமுறை சொக்கு நன்றாகத் தூங்கிவிட, வண்டி குன்றக்குடியைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டதாம். நிறுத்து என்று ஆச்சியும் சொல்லவில்லை, நிறுத்தட்டுமா என்று இவரும் கேட்கவில்லை. சொக்கு முழித்த பிறகுதான் வண்டி திரும்பியது.

செட்டியார் காலமான பிறகும் வெள்ளிதோறும் ஆச்சி இளையாத்தங்குடிக்குப் போய்வந்தார். அவர்கள் பங்காளிகளுக்கெல்லாம் உரிய நகரக் கோயில் அதுதான். அறுபத்தாறில் ஒரு வெள்ளிக்கிழமை, திரும்பி வரும் வழியில் கார் நின்றது. இஞ்சின் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை. ஒரு ஜோடி மாட்டைப் பூட்டி இழுத்துக்கொண்டு வந்து சேசுராஜிடம் விட்டார்கள்.

சேசுராஜ் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தார்.

"தானா மாறுற கியர் செத்துப்போச்சு. உள்ள இருக்கிற தட்டு, ரப்பரு எல்லாம் கடல் தாண்டி வரணும். வராது. வேணும்னா ஜீப்புக் கியரு ஒன்னு கெடக்கு. அதத் தூக்கி மாட்டி, தரையில ஓட்டை போட்டு, கையால போடுற மாதிரி கம்பி வச்சுத் தரலாம்."

"கிளட்சு?" என்றேன் நான்.

"கிளட்சு இல்லாமக் கை கியரு ஏது? இருக்கும்."

நாங்கள் இரண்டு பேரும் மலையாண்டியைப் பார்த்தோம். அவர் அந்தப் பக்கம் திரும்பி முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மெட்ராஸில் இருந்த ஆச்சியின் மகன், பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். ஆச்சி கேட்கவில்லை. மறுநாளே சொக்கு சேதி கொண்டுவந்தார். "வண்டி ஓடணுமாம். ஆனா ஓட்டுறது மலையாண்டியா இருக்கணுமாம். எப்படியும் பண்ணச் சொன்னாக." பிறகு குரலைத் தாழ்த்தி, "வண்டி போயிட்டா இந்த மனுசன் எங்குட்டுப் போவான்னு ஆச்சிக்கு ஒரே கவலை. கால் வராத ஆளுக்கு வேற யாரு வேலை குடுப்பாக?" என்றார். குரலைத் தாழ்த்தினாரே தவிர, மலையாண்டி நின்றது நாலடி தூரத்தில்தான். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஆளுக்குப் பிழைப்பு நிலைக்கப்போகிறது, வேறென்ன வேண்டும்?

வேலை ஆரம்பமானது. ஜீப் கியர்ப்பெட்டியின் துளைகள் ஒரு கணக்கு, அமெரிக்க இஞ்சினின் துளைகள் வேறு கணக்கு. இரண்டுக்கும் நடுவில் போட ஒரு தடித்த இரும்புத் தகட்டை லேத்தில் கடைந்து வாங்கினார் சேசுராஜ். காரின் தரையை வெட்டிக் கியர்க் கம்பியை மேலே ஏற்றினார். இரண்டாம் கியரில் அது டேஷ்போர்டில் இடித்தது, மூன்றாம் கியரில் சீட்டில் இடித்தது. கம்பியைக் கழற்றி உலையில் காய்ச்சி வளைத்தார். வளைவு கூடிப்போய் ரிவர்ஸ் விழவில்லை. மறுபடி காய்ச்சினார், மறுபடி வளைத்தார். வியர்வை சொட்டி அவர் கழுத்துச் சிலுவை கறுத்துப்போனது. இத்தனைக்குப் பிறகும் கிளட்ச் சங்கதி அப்படியே நின்றது.

"ஒரு கைப்பிடி வச்சுரலாமா? கையால இழுத்துக்கிறட்டும்."

"ஒரு கையில கியரு, ஒரு கையில கிளட்சு. ஸ்டீரிங்க எதால பிடிக்கிறது, பல்லாலயா?" என்றேன்.

சேசுராஜ் கோபித்துக்கொண்டு என் கடைக்குள் வந்து உட்கார்ந்தார். நான் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். தடித்த ரெக்ஸின் தைக்கும்போது இரண்டு கையும் சரக்கைப் பிடித்தபடி இருக்கும், ஊசிக்குப் பக்கத்தில் சரக்கை அழுத்திப் பிடிக்கிற இரும்புப் பாதத்தைத் தூக்கக் கை கிடைக்காது. அதற்காக மேசைக்கு அடியில் ஒரு தட்டு இருக்கும். முழங்காலால் பக்கவாட்டில் தள்ளினால் பாதம் தூக்கிக்கொள்ளும். நான் தள்ளித் தள்ளித் தைப்பதைச் சேசுராஜ் வெகுநேரம் பார்த்தார். பிறகு வெளியே போய் மலையாண்டியைக் கூட்டிவந்து ஸ்டூலில் உட்காரவைத்து, அவருடைய நீட்டின காலுக்குப் பக்கத்தில் தன் இரண்டு கையையும் வைத்து, "இப்பத் தள்ளுங்கண்ணே" என்றார்.

மலையாண்டி இடுப்பிலிருந்து தள்ளினார். சேசுராஜ் என் நார் மூட்டைமேல் போய் விழுந்தார்.

"யப்பா! ஆட்டுக்கல்லையே தள்ளுவீக போலருக்கே!"

முன்னால் மிதிக்க வராத கால், பக்கவாட்டில் தள்ள வரும். அவ்வளவுதான் விஷயம். கிளட்ச் மிதி இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல், சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தட்டாக இருக்கும். அதைத் தள்ளினால் உள்ளே ஒரு நீளக் கம்பி இழுத்து, கிளட்ச் விடும். சேசுராஜ் அந்தச் சந்தோஷத்தில் என் மெஷினுக்கு அடியில் புகுந்து தட்டைக் கழற்றிக்கொண்டார். "அளவு பாத்துட்டு ரெண்டு நாள்ல தாரேன்" என்றார். அளவு பார்த்தவர், அதையே அந்தக் கம்பியில் பற்றவைத்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு தையலுக்கும் கையை எடுத்துப் பாதத்தைத் தூக்கித் தூக்கி என் தோள்பட்டை இறங்கிப்போனது.

மிச்ச வேலை என் பங்கு. கியர்க் கம்பி ஏறுகிற ஓட்டை, கீழே தெரிகிற ரோடு, கிளட்ச் கம்பி, அதன் மூட்டு எல்லாவற்றையும் மூட முன்சீட்டுக்கு நடுவே ஒரு பெட்டி வேண்டும். பெஞ்சு சீட்டை ரம்பத்தால் அறுத்தேன். நல்ல சீட்டை அறுக்கும்போது மனசு கேட்கத்தான் இல்லை. பிளைவுட்டில் பெட்டி அடித்து, கியர்ச் சூடு மேலே வராமல் இருக்க உள்ளே பழைய கம்பளியும் நாரும் வைத்து அடைத்தேன். மேல் பலகைக்கு ஆச்சி வீட்டிலிருந்து உடைந்த ஊஞ்சல் பலகை ஒன்று வந்தது. சுற்றிலும் மெரூன் ரெக்ஸின் இழுத்துத் தைத்தேன். கோயிலுக்குக் கொண்டுபோகிற பூவும் பழமும் வைத்த ஓலைக் கொட்டான் அதுவரை சொக்குவின் மடியில்தான் போகும். அது சாயாமல் உட்கார மேலே ஒரு குழி வைத்தேன். பெட்டியின் வலது பக்கம், முழங்கால் உயரத்தில், என் மெஷின் தட்டு ஸ்பாஞ்சு போர்த்திக்கொண்டு எட்டிப்பார்த்தது.

மலையாண்டியின் கால் நீட்டிக் கிடக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். அதனால் பெட்டியை இடது பக்கம் தள்ளித்தான் வைக்க முடிந்தது. இடது ஓரத்தில் மிஞ்சிய சீட்டில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை உட்காரலாம். சொக்கு வந்து உட்கார்ந்து பார்த்தார். சொக்கு நன்றாகச் சாப்பிடுகிற ஆள். முதல் கியர் போட்டபோது கம்பியின் குமிழ் அவர் தொடையில் இறங்கியது. "எனக்கு பஸ்ஸு இருக்கு" என்று இறங்கிவிட்டார். பின்சீட்டில் ஆச்சிக்குப் பக்கத்தில் உட்காருவது நடக்காத காரியம். சொக்கு இனி வண்டியில் வரமாட்டார் என்பது அப்போது எங்களுக்குப் பெரிதாகப் படவில்லை.

கோட்டையூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். மலையாண்டி ஓட்ட, நானும் சேசுராஜும் பின்னால். முதலில் வண்டி வெள்ளாடு மாதிரி துள்ளித் துள்ளி நின்றது. முழங்காலை எவ்வளவு மெதுவாக விடுவது என்று பிடிபட நேரம் எடுத்தது. பிடிபட்டதும், தள்ளு, கம்பியைப் போடு, விடு என்று மூன்று கியரும் ஏறி, வண்டி புளியமர நிழலுக்கு நிழல் பாய்ந்தது. சேசுராஜ் மாதாவைக் கூப்பிட்டுக் கைதட்டினார். நானும் தட்டினேன். மலையாண்டி வண்டியை ஓரங்கட்டி, ஸ்டீரிங்மேல் நெற்றியை வைத்துக் குனிந்துகொண்டார்.

"என்னண்ணே, கண்ணு கலங்கிருச்சாக்கும்?" என்றார் சேசுராஜ்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீக, ரெண்டு பேரும் நல்லாருக்கணும்." தலையைத் தூக்கவில்லை. "வண்டி நின்னுச்சில்ல, அன்னைக்கு நெனச்சேன், இதோட விட்டுச்சுடா சாமின்னு."

"என்ன விட்டுச்சு?"

"ஓட்டுறது. எனக்குப் போதும்னு இருக்கு தம்பி. ரோட்டப் பாத்தாலே அசதியா வருது. கெளீனரா ஏறுனது, எறங்கவே இல்ல. ரெண்டு மாட்டப் பிடிச்சுக்கிட்டு ஊரோட இருந்துருவோம்னு என் பொஞ்சாதி கருப்பம்மாகிட்டக்கூடச் சொல்லிட்டேன். அவளும் சரின்னுட்டா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "இதை நான் சீட்ட அறுக்க முன்னாடி சொல்லக் கூடாதா? என் மெஷினக் கழட்ட முன்னாடி சொல்லக் கூடாதா?"

"யாரும் கேக்கலியே."

"கேக்கலைன்னா? வாய் இல்ல?"

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "ஆச்சி எனக்காகச் செய்யிறாக தம்பி. செட்டியார் போனதிலேர்ந்து அவுக எதுலயும் மனசு வச்சதில்ல. இதுல வச்சிருக்காக. செய்யிற கையத் தட்டிவிடச் சொல்றீகளா? அதுவும் சொக்குகிட்டச் சொல்லிவிட்டா, அவரு வேற மாதிரி கொண்டுபோயிச் சொல்லுவாரு."

 அவர் காலை ஒரு தடவை நீவிவிட்டுக்கொண்டு, தட்டைத் தள்ளி, முதல் கியரைப் போட்டார்.

அப்படியே வருஷங்கள் ஓடின. வெள்ளிதோறும் பள்ளத்தூரிலிருந்து இளையாத்தங்குடி, அங்கிருந்து பள்ளத்தூர். மாட்டுவண்டி குறுக்கே வந்தால் ஒரு தள்ளு, பஸ்ஸுக்கு ஒதுங்கினால் ஒரு தள்ளு, கடைவீதியில் எண்ணமுடியாத தள்ளு. முழங்கால் ஓரத்தில் தோல் கறுத்துக் காய்த்துவிட்டது. இரவெல்லாம் கருப்பம்மாள் எண்ணெய் போட்டு உருவிவிட வேண்டும். தட்டில் ஸ்பாஞ்சு நைந்துபோகும்போதெல்லாம் மலையாண்டி என் கடைக்கு வருவார். நான் புதிதாக வைத்துத் தைத்துக் கொடுப்பேன். "ஆச்சிகிட்டச் சொல்லிட்டீகளா?" என்பேன். "இல்ல தம்பி" என்பார். பிறகு இரண்டு பேரும் டீ குடிப்போம். எனக்கும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

வண்டிக்குள் மட்டும் ஒன்று மாறிக்கொண்டு வந்தது. சொக்கு இல்லாத முதல் சில வாரம் போக வர ஒரு பேச்சும் கிடையாதாம். ஒருநாள் ஆச்சி ஜன்னலைப் பார்த்து, "கொஞ்சம் மெதுவாப் போனா நல்லாருக்கும்" என்றாராம். இவர் முன் கண்ணாடியைப் பார்த்து, "மெதுவாப் போனா நடை சாத்திருவாக" என்றாராம். ஜன்னலோடு அவரும் கண்ணாடியோடு இவருமாக அப்படிக் கொஞ்ச காலம். பிறகு ஜன்னலும் கண்ணாடியும் எப்போது விலகின என்று இரண்டு பேருக்குமே தெரியாது. மகன் பொங்கலுக்கு வராத கதையை ஆச்சி சொல்லுவார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதையை இவர் சொல்லுவார். மழை பெய்ததா, பெய்யவில்லையா என்பதிலேயே கோயில் வந்துவிடும். எல்லாம் பேசினார்கள். அசதியைப் பற்றி மட்டும் இவர் பேசவே இல்லை.

எழுபத்திரண்டில் ஆடி வெள்ளி ஒன்று. ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. முன்னால் லாரிகள், பின்னால் வண்டிகள். அடி அடியாக நகர்ந்து நகர்ந்து கேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மலையாண்டிக்குத் தொடை பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்தார். கடித்தும் ஒரு முனகல் வந்துவிட்டது. அதற்கப்புறம் நடந்ததை அவரே என் கடையில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார்.

"கால் வலிக்குதா மலையாண்டி?"

"இல்ல ஆச்சி."

"பொய் சொல்லாத. ரொம்ப நாளாப் பாக்குறேன். எறங்கி ஏறையில மொகம் சுருங்குது."

"கொஞ்சம் வலிக்கும்."

"அப்ப ஏன் ஓட்டுறே?"

இவ்வளவு காலம் காத்திருந்த கேள்வி வந்தே விட்டது. மலையாண்டிக்கு அப்போதும் தைரியம் வரவில்லையாம். ஸ்டீரிங்கைப் பார்த்தபடி, "நீங்க எனக்காகத்தான ஆச்சி வண்டியச் சரி பண்ணுனீக. வேணாம்னு எப்படிச் சொல்றது?" என்றாராம். "வண்டி இல்லாட்டி நீங்களும் எங்குட்டும் போகமாட்டீக. கோயிலுக்காச்சும் போகட்டும்னு ஓட்டிக்கிட்டிருக்கேன்."

 திரும்பிப் பார்த்தால் ஆச்சி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார். அழுகிறாரோ என்று பயந்துவிட்டார் இவர். ஆச்சி சிரித்துக்கொண்டிருந்தார்.

"அட பாவி மனுசா! நான் கோயிலுக்கு வாரதே ஒனக்காக. வண்டி சும்மா நின்னா மகன் வித்துருவான், நீ தெருவுல நிப்பியேன்னு வெள்ளிக்கு வெள்ளி ஏறி உக்காந்துக்கிட்டு வாரேன். இந்த முதுக வச்சுக்கிட்டு போயிட்டு வந்து படுத்தா, எந்திரிக்க ஞாயித்துக்கிழமை ஆயிருது. கும்புடுற சாமி வீட்லயே இருக்கு."

மலையாண்டிக்கும் சிரிப்பு வந்துவிட்டதாம். ரயில் போய், கேட் திறந்து, பின்னால் லாரிக்காரன் ஹாரன் மேல் ஹாரன் அடித்தும் இரண்டு பேராலும் அடக்க முடியவில்லையாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப எங்குட்டு ஆச்சி?" என்று கேட்டிருக்கிறார்.

"வீட்டுக்குத் திருப்பு."

கொட்டானில் இருந்த பூவைக் கேட் பக்கத்துப் பிள்ளையாருக்குக் கொடுத்துவிட்டு, வண்டியைத் திருப்பினார்கள். அதோடு சரி. கார் ஷெட்டில் ஏறி நின்றது. நீ ஓட்ட வேண்டாம், ஆனால் வீட்டுக்கு வருவதை நிறுத்தக் கூடாது என்று ஆச்சி சொல்லிவிட்டார். மலையாண்டி வீட்டு வாசல் கேட்டைத் திறந்து மூடி, செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊருக்குப் போய் மாடு ஒன்றும் வாங்கினார். இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு களை இருந்தது. எனக்கும் ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

கொஞ்ச மாசம் கழித்துச் சொக்கு ஆள் அனுப்பினார். மகன் காரை விற்கச் சொல்லிவிட்டாராம். தேவகோட்டையில் கல்யாணத்துக்கு வாடகைக் கார் விடுகிற ஒருவர் வாங்கிக்கொள்கிறாராம். ஆனால் முன்னால் மூன்று பேர் உட்கார வேண்டும், அந்தப் பெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மாமூல் மிதியும் பழைய பெஞ்சு சீட்டும் போட்டால்தான் எடுப்பேன் என்கிறாராம். மிதியைச் சேசுராஜ் பார்த்துக்கொள்வார், பெட்டியையும் சீட்டையும் நீங்கள் வந்து பாருங்கள் என்று சேதி. நான் செய்ததை நானே பிடுங்குவது என் தலையெழுத்து என்று சாமான் பையை எடுத்துக்கொண்டு பள்ளத்தூர் பஸ் ஏறினேன். அன்று வெள்ளிக்கிழமை.

வாசலில் சொக்கு நின்றார். முகம் சரியில்லை.

"ஷெட்டுக்கு இப்பப் போக முடியாது. ரெண்டு பேரும் உள்ள இருக்காக."

"எந்த ரெண்டு பேரு?"

அவர் பெருமூச்சு விட்டார். "வண்டி நின்ன புதுசுல எல்லாம் பழையபடிதான் இருந்துச்சு. ஆச்சி உள்கட்டுல, அவரு வாசல்ல. கால் எப்படி இருக்குன்னு கேளுங்கன்னு ஆச்சி சொல்லுவாக. நான் போயிக் கேப்பேன். இருக்குன்னு சொல்லுங்கம்பாரு. வந்து சொல்லுவேன். மக கல்யாணம் என்னாச்சுன்னு கேளுங்கம்பாக. நானும் எத்தன தடவை நடக்குறது? ரெண்டு பேருமே பேச்சக் கொறச்சுட்டாக. திடீர்னு ஒரு வெள்ளிக்கிழமை ஆச்சி கொட்டானத் தூக்கிக்கிட்டு ஷெட்டுக்குள்ள நடந்து போயி, காரு பின்சீட்டுல ஏறி உக்காந்துட்டாக. இவரும் போயி முன்சீட்டுல உக்காந்துட்டாரு. அன்னையிலேர்ந்து வாராவாரம் இதுதான்."

நான் ஷெட்டை எட்டிப்பார்த்தேன். சாவி போடாத வண்டி. பின்சீட்டில் ஆச்சி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் மலையாண்டி, கால் நீட்டினபடி. நடுவில் நான் அடித்த பெட்டியின் குழியில் கொட்டான், அதில் வறுத்த கடலை. மாடு கன்று போட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வழி முழுக்க அவர்கள் பேசிப் பழகிய இடம் அதுதான். வீட்டுக்குள்ளே அப்படி ஓர் இடம் அவர்களுக்கு இல்லை. 

மலையாண்டி என்னைப் பார்த்துவிட்டார். "வாங்க தம்பி. நல்ல நேரத்துல வந்தீக. இந்தத் தட்ட மட்டும் கழட்டிருங்க. இப்ப அது எதுக்கு, சும்மா கால இடிக்குது."

கதவைத் திறந்து, குனிந்து, சேசுராஜ் பற்றவைத்த இடத்தை அறுத்துத் தட்டைக் கையில் எடுத்தேன். ஸ்பாஞ்சு அவர் முழங்கால் அளவுக்குக் குழிந்திருந்தது. அவர் காலை நகர்த்தி, பெட்டியோடு சாய்த்து, ஒரு தரம் மூச்சு விட்டார்.

அப்போது சொக்கு ஷெட் வாசலுக்கு வந்தார். "தேவகோட்டைக்காரவுக வந்து உக்காந்திருக்காக ஆச்சி. என்ன சொல்லட்டும்?"

ஆச்சி அவர் பக்கம் திரும்பவே இல்லை. முன்சீட்டைப் பார்த்து, "மலையாண்டி, நீ என்ன சொல்றே? குடுத்துருவமா?" என்றார்.

 இந்த வண்டி வந்த நாளிலிருந்து மலையாண்டியிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் கியர்க் கம்பியின் குமிழைக் கையால் மூடிக்கொண்டார்.

"வேணாம் ஆச்சி. இருக்கட்டும். வேற எங்க உக்காந்து பேசுறது?"

ஆச்சி சொக்குவைப் பார்த்தார். "கேட்டுச்சில்ல? அவரு வேணாங்கிறாருன்னு போயிச் சொல்லுங்க."

சொக்கு போனார். நான் தட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். கடைக்கு வந்ததும் அதை மெஷினுக்கு அடியில் பழைய இடத்திலேயே மாட்டினேன். மாட்டி என்ன, பழகிப்போன கை இன்னமும் தானே போய்ப் பாதத்தைத் தூக்குகிறது.